தடியும் ஓர் அமானிதமே

கொழும்புக்கும் பினாங்குக்கும் சஃபர் புறப்பட்ட நம் முன்னோர், தம் நகைப்பெட்டியையும் நிலப்பத்திரங்களையும் ஊரில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்வது வழக்கம். அப்பெட்டி பெற்றவரின் வீட்டில் இருக்கும். ஆயினும் அவருடைய உடைமை ஆகிவிடாது. அதனைக் காப்பது அவர் கடமை. கொடுத்தவர் திரும்பி வந்து கேட்கும்போது குறைவின்றிக் கணக்குச் சொல்வதும் அவர் கடமை. இதனையே நாம் அமானிதம் என்கிறோம்.

காவலரின் கையிலிருக்கும் தடியும் துப்பாக்கியும் இவ்வகையைச் சேர்ந்தவையா? சேர்ந்தவையெனில், கொடுத்தவர் யார்? எந்த நோக்கத்திற்காகக் கொடுத்தார்? அந்நோக்கம் கடந்து அவை பயன்படுத்தப்படும்போது கணக்குச் சொல்ல வேண்டியவர், ஏவியவரா, ஏவப்பட்டவரா? தெருவில் கூடி நின்று குறை முறையிடும் மக்கள் மீது அரசின் கரம் ஓங்கப்படும் போதெல்லாம் இக்கேள்விகள் எழுகின்றன. சில நாட்களில் அடங்கியும் விடுகின்றன. அவை அடங்கியிருக்கும் அமைதியான நேரத்திலேயே அவற்றை எண்ணிப் பார்ப்பது நன்று. குருதி காயாத வேளையில் நியாயம் பேசுவது எவர்க்கும் எளிதன்று.

கொடுத்தவர் யார்?

தன்னைத் தாக்க வருபவனைத் தடுக்கும் உரிமை ஒவ்வொரு மனிதனுக்கும் உண்டு. ஆனால் தனக்கு இழைக்கப்பட்ட தீங்கிற்குத் தானே பழி தீர்த்துக்கொள்ளும் உரிமையை நாகரிக வாழ்வில் எவரும் வைத்துக்கொள்வதில்லை. அதனை அனைவரும் ஒன்றுகூடிப் பொதுவானதோர் அமைப்பிடம் ஒப்படைத்திருக்கிறோம். ஊரார் அனைவரும் கம்பெடுத்து நின்றால் ஊர் ஊராக இராது என்பதனால்தான் கம்பு ஒருவர் கையில் கொடுக்கப்பட்டது. அப்படியாயின், அந்தக் கம்பின் சொந்தக்காரர் அதனைப் பிடித்திருப்பவர் அல்லர். கொடுத்த மக்களே ஆவர். ஊர்வலத்தில் நடந்து வருபவனும் அம்மக்களில் ஒருவன் என்பதை மறந்துவிடலாகாது. அவன் மீது ஓங்கப்படும் தடியில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு.

நம் அரசியல் சட்டமும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. அதன் 19-ஆம் பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்குகிறது. பொது ஒழுங்கின் பொருட்டு அவ்வுரிமைக்கு நியாயமான வரம்புகள் விதிக்கவும் இடமளிக்கிறது. உரிமை முதலில் நிற்கிறது. வரம்பு அதன்பின் வருகிறது. ஆனால் நடைமுறையிலோ, கூட்டம் கூடியதே குற்றம் என்னும் எண்ணத்தோடுதான் பல நேரங்களில் காவற்படை வரிசையில் நிறுத்தப்படுகிறது.

மறுபக்கத்தின் நியாயம்

காவலர் தரப்பு நியாயத்தையும் கேட்டாக வேண்டும். ஒரு பக்கத்து வழக்கை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது நீதியாகாது.

கூட்டம் என்பது தனி மனிதர்களின் தொகுப்பு மட்டுமன்று. தனியே நிற்கையில் எறும்பையும் மிதிக்காத மனிதன், ஆயிரம் பேருக்கு நடுவில் கல்லெடுத்து எறிந்துவிடக்கூடும். அக்கல் கடைக்காரரின் கண்ணாடியை உடைக்கிறது, பிரசவத்திற்குச் செல்லும் பெண்ணின் வாகனம் வழியில் சிக்கி நிற்கிறது, பேருந்து எரிகிறது. இவர்களும் கம்பைக் கொடுத்த மக்களே. இவர்களைக் காக்கும் கடமையும் அந்த அமானிதத்தில் அடங்கியதே.

மேலும், காவலரும் நம்மைப் போன்ற மனிதரே. விடியற்காலையில் ஊர்தியில் ஏற்றப்பட்டு, முன்பின் அறியாத ஊரில் இறக்கப்பட்டு, நண்பகல் வெயிலில் இரும்புத் தொப்பியோடு நின்று, வசைமொழிகளைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரணக் காவலரின் நிலையை எண்ணிப் பாருங்கள். எந்தக் கோரிக்கைக்காகக் கூட்டம் கூடியிருக்கிறதோ அக்கோரிக்கையைத் தீர்க்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. தீர்க்கும் அதிகாரம் படைத்தவரோ அங்கு வருவதில்லை. பேச்சால் முடிந்திருக்க வேண்டியதைப் பேசாமல் விட்டவரின் பிழையை, இவர் தம் தடியால் மூட வேண்டியவராகிறார். அவர் மீது கல் விழும்போது அவருக்கும் அச்சம் பிறக்கும். அவர் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

ஆகவே, காவலர் எக்காலத்தும் பலத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது, பெட்டியை ஒப்படைத்துவிட்டுத் திருடன் வரும்போது அதனைக் காக்காதே என்று சொல்வதைப் போன்றதாகும். கேள்வி, பலம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. அது எங்கே தொடங்கலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்பதே.

கலைத்தலும் தண்டித்தலும்

சட்டவிரோதமான கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரத்தைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வழங்குகிறது. 1973-ஆம் ஆண்டின் சட்டத்தில் 129 முதல் 132 வரையிலான பிரிவுகளில் இருந்த இவ்விதிகள், 2024 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 148 முதல் 151 வரை இடம்பெற்றுள்ளன. முதலில் கலைந்து செல்லுமாறு ஆணையிட வேண்டும். கலையாவிட்டால் பலத்தைப் பயன்படுத்தலாம். அதனாலும் இயலாதபோது இராணுவத்தின் உதவியை நாடலாம். அப்படி வரும் இராணுவமும், கூட்டத்தைக் கலைக்க எவ்வளவு குறைந்த பலம் போதுமோ அவ்வளவே பயன்படுத்த வேண்டும், உடலுக்கும் உடைமைக்கும் இயன்றவரை குறைந்த தீங்கே விளைவிக்க வேண்டும் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. போர்க்களத்திற்குப் பழகிய படையினருக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், ஊருக்குள் வாழும் காவலருக்கு அது குறைந்துவிடுமோ?

இவ்விதிகள் யாவும் ஒரே சொல்லைச் சுற்றியே நிற்கின்றன. அது ‘கலைத்தல்’ என்னும் சொல். தண்டிக்கும் அதிகாரம் அங்கே காவலருக்குத் தரப்படவில்லை, தரவும் முடியாது. தண்டனை என்பது நீதிமன்றத்திற்கு உரியது. குற்றஞ்சாட்டப்பட்டவன் தன் பக்கத்தைச் சொல்லி, சாட்சி விசாரிக்கப்பட்டு, தீர்ப்பு எழுதப்பட்ட பின்னரே அது வருவது. நெருக்கி வரும் கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவது கலைத்தல். ஓடுகிறவனைத் துரத்திச் சென்று முதுகில் அடிப்பது தண்டித்தல். கூட்டம் எப்போது புறமுதுகிட்டு ஓடத் தொடங்கியதோ அப்போதே கலைக்கும் நோக்கம் நிறைவேறிவிட்டது. அதன்பின் விழும் ஒவ்வோர் அடியும், பாயும் ஒவ்வொரு குண்டும், அமானிதத்தின் எல்லையைக் கடந்தவையே.

இந்த அளவுகோலை உலகில் எங்கு வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில் என்னுமிடத்தில் 1960 மார்ச் 21 அன்று, கறுப்பின மக்கள் தம் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அனுமதிச்சீட்டு முறையை எதிர்த்துக் காவல் நிலையத்தின் முன் கூடினர். காவலர் சுட்டதில் 69 பேர் உயிரிழந்ததாக அரசுக் கணக்கு கூறியது. அவர்களில் பலர் முதுகில் குண்டு பாய்ந்து மாண்டவர்கள். முதுகில் பாய்ந்த குண்டுக்கு எந்த நியாயமும் சொல்ல இயலாது என்பதனால்தான், அந்த நாள் உலக நாடுகளின் மனச்சாட்சியைத் தொட்டது. இனப்பாகுபாட்டை ஒழிக்கும் நாளாக ஐக்கிய நாடுகள் சபை மார்ச் 21-ஐயே தேர்ந்தெடுத்தது.

நம் தமிழ் மண்ணும் இதற்கு விலக்கன்று. தூத்துக்குடியில் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்று, மக்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்றனர். அதனையொட்டி நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் பறிபோயின. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. கலைந்து ஓடியவர்கள் மீதும் குண்டுகள் பாய்ந்தன என்பதே அவ்வறிக்கை தந்த வேதனையான செய்தி.

குண்டு மட்டும்தான் கொல்லும் என்றும் எண்ண வேண்டாம். திருநெல்வேலியில் 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலமாகச் சென்றவர்கள் மீது தடியடி நடந்தது. ஒரு பக்கம் தடி, மறுபக்கம் தாமிரபரணி. உயிருக்கு அஞ்சி ஆற்றில் இறங்கியோரில் பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் மாண்டனர். தடியைச் சிறிய ஆயுதம் என்று ஏட்டில் எழுதி வைத்திருக்கலாம். தப்பிச் செல்ல வழி விடாமல் ஓங்கப்படும் தடியோ, துப்பாக்கிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. கலைந்து போ என்று ஆணையிடுபவர், கலைந்து போவதற்கொரு வழியையும் திறந்து வைக்கக் கடமைப்பட்டவர் ஆவார்.

பெஷாவரில் ஒரு நாள்

இனி, மிகக் கடினமான கேள்விக்கு வருவோம். ஆணை மேலிடத்திலிருந்து வருகிறது. கையோ கீழே நிற்பவருடையது. சுடச் சொன்னார்கள், சுட்டேன் என்று அவர் சொன்னால் அது போதுமான விடையாகுமா?

இதனை ஆராய 1930 ஏப்ரல் 23-ஆம் நாள் பெஷாவர் நகரில் நிகழ்ந்ததை நினைவுகூர்வது பொருத்தமாகும். அம்மாதம் 6-ஆம் நாள்தான் காந்தியடிகள் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்திருந்தார். வடமேற்கு எல்லைப்புறத்தில் கான் அப்துல் கஃபார் கான், ‘குதாயி கித்மத்கார்’ எனப்படும் இறைத் தொண்டர் அணியை அமைத்து ஓராண்டுகூட நிரம்பவில்லை. துப்பாக்கியை உடன்பிறந்ததுபோல் தோளில் சுமந்து திரிந்த பட்டாணியர்களை, எவரையும் திருப்பி அடிப்பதில்லை என்று உறுதிமொழி எடுக்கச் செய்தவர் அப்பெருமகனார். அன்று அவரும் வேறு தலைவர்களும் கைது செய்யப்பட்ட செய்தி பரவியதும், பெஷாவரின் கிஸ்ஸா கானிக் கடைத்தெருவில் மக்கள் திரண்டனர்.

கவச வண்டிகள் கூட்டத்தினுள் புகுந்தன. சிலர் அவற்றின் சக்கரங்களில் சிக்கி மாண்டனர். பிரிட்டிஷ் வீரர் ஒருவரும் கொல்லப்பட்டார். ஒரு கவச வண்டி எரிந்தது. இவற்றுள் எது முன்னர், எது பின்னர் என்பதில் இரு தரப்பும் வேறுபட்டன. அதன்பின் படை சுட்டது. மாண்டோர் எண்ணிக்கையை அரசு சில பத்துகளில் சொன்னது. மக்கள் தரப்போ நூறுகளில் சொன்னது.

அங்கே நிறுத்தப்பட்டிருந்தவர்களில் கட்வால் ரைஃபிள்ஸ் படையின் இரு பிளாட்டூன் வீரர்களும் இருந்தனர். இமயமலைச் சாரலைச் சேர்ந்த இந்துக்கள் அவர்கள். எதிரே நின்ற மக்களோ பெரும்பாலும் முஸ்லிம்கள். இருவரிடையே மொழியால், இனத்தால், சமயத்தால் எந்த உறவும் இல்லை. ஆகவே இவர்கள் தயங்கமாட்டார்கள் என்று மேலிடம் கருதியிருக்கக்கூடும். ஆனால் ஆயுதமற்ற மக்கள் மீது சுட முடியாதென்று ஹவில்தார் சந்திரசிங்கும் அவருடைய தோழர்களும் மறுத்து நின்றனர். மறுநாள் நகருக்குள் காவலுக்குச் செல்லவும் மறுத்தனர். அவர்களுடைய ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. இராணுவ நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. வழக்கறிஞர் முகுந்திலால் அவர்களுக்காக வாதாடினார். சந்திரசிங்குக்கு ஆயுள் தண்டனை, மற்றவர்களுக்கும் சிறை. 1941-இல்தான் அவர் விடுதலையானார். 1931 மார்ச்சில் ஏற்பட்ட காந்தி-இர்வின் உடன்பாட்டினால் சத்தியாக்கிரகிகள் பல்லாயிரவர் சிறையிலிருந்து வெளிவந்தபோதும், ஆணையை மீறிய சிப்பாய்களுக்கும் போலீஸாருக்கும் அந்த மன்னிப்பு பொருந்தாது என்று அவ்வுடன்பாட்டிலேயே எழுதப்பட்டிருந்தது.

காந்தியடிகளின் ஆட்சேபம்

இந்த நிகழ்ச்சியைப் புகழ்ந்து பேசிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் அதனை ஏற்க மறுத்தவர்களுள் ஒருவர் காந்தியடிகளே என்பது நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஒருவர் இதுபற்றிக் கேட்டபோது, சுட மறுக்கும் சிப்பாய் தான் எடுத்த உறுதிமொழியை மீறியவனாகிறான் என்ற கருத்தை அவர் தெரிவித்தார். நாளை நாட்டின் ஆட்சி எம் கைக்கு வரும்போது இதே சிப்பாய்களையே நாங்களும் ஏவ வேண்டியிருக்கும்; இன்று மீறக் கற்றுக்கொடுத்தால் நாளை எமக்கும் கீழ்ப்படியமாட்டார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொரு காவலரும் தத்தம் விருப்பப்படி ஆணைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் என்ன நேரும்? இன்று ஒரு சமூகத்தார் மீது சுட மறுப்பவர், நாளை இன்னொரு சமூகத்தாரைக் காக்கவும் மறுக்கலாம். கலவரத்தின்போது, தாக்குவோர் தம் இனத்தவர் என்பதற்காகக் காவலர் கைகட்டி நின்றால், அதன் விளைவை அனுபவிப்பவர்கள் எளியவர்களும் எண்ணிக்கையில் குறைந்தவர்களுமே. கட்டுப்பாடு என்பது ஆள்வோருக்கு மட்டும் உரிய வசதியன்று. பலவீனர்களுக்கும் அதுவே பாதுகாப்பு.

அப்படியானால் சந்திரசிங் செய்தது தவறா? தவறன்று என்றே நாம் கருதுகிறோம். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அவர் மறுத்தது தம்மவர்க்காக அன்று, அயலவர்க்காக. மனச்சாட்சிக்கும் இனப்பற்றுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்கும். தன் சாதியார் மீதோ, தன் மார்க்கத்தார் மீதோ, தன் கட்சியார் மீதோ மட்டும் சுடத் தயங்குகிறவர் மனச்சாட்சியின் குரலைக் கேட்டவர் ஆகமாட்டார். தம் குருதியின் குரலையே கேட்டவர் ஆவார். எவர் நின்றிருந்தாலும் இதையே செய்திருப்பேன் என்று சொல்லக் கூடியவருடைய மறுப்பே மறுப்பு.

இரண்டாவது, அவர் மறுத்தது கடினமான ஆணையை அன்று, தகாத ஆணையை. வெயிலில் நில் என்றால் நிற்கத்தான் வேண்டும். கல்லடி பட்டாலும் பொறுத்து நில் என்றாலும் நிற்கத்தான் வேண்டும். தன் உயிருக்கு ஆபத்தான ஆணைக்கும், பிறர் உயிரை அநியாயமாகப் பறிக்கும் ஆணைக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு தெளிவானது. அவர் எடுத்த உறுதிமொழி முதலாவதைத்தான் கட்டாயமாக்க முடியும்.

மூன்றாவது, அவர் மறுத்தார். ஆனால் துப்பாக்கியைத் தம் அதிகாரி மீது திருப்பவில்லை. ஓடி ஒளியவும் இல்லை. மறுப்பிற்கு விலை உண்டென்பதை உணர்ந்து, அவ்விலையைத் தம் வாழ்நாளின் பதினோர் ஆண்டுகளால் செலுத்தினார். விலை கொடுத்து மறுப்பவரால் கட்டுப்பாடு குலைவதில்லை. வியப்பு யாதெனில், தகாத சட்டத்தை வெளிப்படையாக மீறி அதற்குரிய தண்டனையை மனமுவந்து ஏற்க வேண்டும் என்று நாட்டிற்குக் கற்பித்தவரே காந்தியடிகள்தாம். உப்புக்குப் பொருந்திய அந்நெறி உயிருக்கும் பொருந்தும் என்பதை ஒரு ஹவில்தார் செயலில் காட்டிவிட்டார்.

கீழ்ப்படிதலின் எல்லை

ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி இவ்விடத்தில் நம் வாசகர்களின் நினைவுக்கு வந்திருக்கும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு சிறு படையை அனுப்பி, அதன் தலைவருக்குக் கட்டுப்பட்டு நடக்குமாறு பணித்தார்கள். இடையில் அத்தலைவர் தம் வீரர்கள் மீது சினங்கொண்டு, விறகு திரட்டச் சொல்லித் தீ மூட்டி, அதனுள் இறங்குமாறு ஆணையிட்டார். எந்த நெருப்பிலிருந்து தப்பிக்க நபியவர்களிடம் வந்தோமோ, அந்நெருப்பிலேயே விழுவதா என்று வீரர்கள் தயங்கி நின்றார்கள். அதற்குள் தீயும் அவிந்தது. அவருடைய சினமும் தணிந்தது. திரும்பி வந்து இதனைச் சொன்னபோது, அவர்கள் அதனுள் இறங்கியிருந்தால் பின்னர் அதிலிருந்து வெளிவந்திருக்கவே மாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் நற்செயலில் மட்டுமே என்றும் நாயகம் அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். கட்டுப்பட்டு நடக்குமாறு சொன்னவர்களும் அவர்களே. அக்கட்டுப்பாட்டின் எல்லையைக் குறித்தவர்களும் அவர்களே.

மனிதர் இயற்றிய சட்டமும் ஏறத்தாழ இவ்விடத்திற்கே வந்து சேர்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 76-ஆம் பிரிவு, அதாவது இன்றைய பாரதிய நியாய சன்ஹிதையின் 14-ஆம் பிரிவு, மேலதிகாரியின் ஆணைப்படி கூட்டத்தின் மீது சுடும் படைவீரனைக் குற்றவாளியாகக் கருதுவதில்லை. ஆனால் அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அவ்வாறு சுட்டது சட்டத்தின் கட்டளைகளுக்கு இணங்கியதாக இருத்தல் வேண்டும். அதிகாரியின் வாய்ச்சொல் மட்டும் போதாது. அச்சொல்லுக்குப் பின்னால் சட்டம் நிற்க வேண்டும். கியூபாவின் ஹவானா நகரில் 1990-ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் அடிப்படைக் கோட்பாடுகள் இதனை மேலும் விளக்குகின்றன. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதன்றி, கொல்லும் நோக்கோடு சுடலாகாது. வெளிப்படையாகவே சட்டவிரோதமான ஆணை என்று அறிந்தும், மறுக்க வாய்ப்பிருந்தும் சுட்டவர், ஆணையைக் காட்டித் தப்ப முடியாது. ஆணையிட்டவரும் பொறுப்பினின்று நீங்கமாட்டார். தகாத ஆணையை மறுத்தவருக்குத் தண்டனை வழங்கவும் கூடாது.

ஆக, ஏவியவரா, ஏவப்பட்டவரா என்ற கேள்விக்கு, இருவருமே என்பதுதான் விடை. பொறுப்பு என்பது ரொட்டித் துண்டு போன்றதன்று, இருவர் பங்கிட்டால் ஆளுக்குப் பாதியாகக் குறைவதற்கு. இருவர் சேர்ந்து ஒரு பாவத்தைச் சுமந்தால், இருவர் தோளிலும் அது முழுமையாகவே அமர்கிறது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஏவப்பட்டவருக்குச் சிந்திக்கக் கிடைப்பது சில கணங்கள். ஏவுகிறவருக்கோ நாட்களும் வாரங்களும் கிடைத்திருக்கும். மக்கள் நூறு நாட்கள் அமர்ந்திருந்தால், பேசுவதற்கும் நூறு நாட்கள் இருந்தன என்பது பொருள். ஆகவே கணக்கு மேலிருந்தே கேட்கப்படுதல் வேண்டும். கடைசிக் காவலரைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டு ஏட்டை மூடிவிடுவது கணக்காகாது.

கணக்குக் கேட்பது யார்?

அமானிதத்தின் உயிர்நாடி கணக்குச் சொல்வதில் இருக்கிறது. நம் நாட்டில் இதுவே மிகவும் தளர்ந்திருக்கிறது. கூட்டத்தைக் கலைக்கும்போது நேர்ந்த செயலுக்காகக் காவலர் மீது வழக்குத் தொடர, அரசின் முன் அனுமதி வேண்டுமென்று சட்டம் சொல்கிறது. கடமையைச் செய்தவர் வீண் வழக்குகளால் அலைக்கழிக்கப்படக் கூடாது என்னும் நோக்கம் நியாயமானதே. ஆனால் பெட்டியை வைத்திருப்பவரிடமே, உம்மிடம் கணக்குக் கேட்கலாமா என்று அனுமதி கேட்கும் நிலையாக அது முடிந்துவிடுகிறது. 1952-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைக்கப்படும் விசாரணை ஆணையங்கள் உண்மையைக் கண்டு சொல்லலாம். எவரையும் தண்டிக்க அவற்றால் இயலாது. அறிக்கை வெளிவரும், விவாதம் நடக்கும், பின்னர் அது அலமாரியில் உறங்கும்.

உயிரிழந்தோர் குடும்பத்திற்கு நிதி வழங்கப்படுகிறது. தூத்துக்குடியில் குடும்பத்திற்கு 20 இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. அது வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். அடுப்பு எரிந்தாக வேண்டும். ஆனால் தாய் கேட்பது தொகையை அன்று. என் பிள்ளை என்ன செய்தான், யார் சுட்டார், ஏன் சுட்டார் என்று அவள் கேட்கிறாள். இம்மூன்று கேள்விகளுக்கும் பொது மன்றத்தில் விடை சொல்லப்படாத வரையில், கொடுக்கப்படும் தொகை வாயை மூடக் கொடுத்ததாகவே அவளுக்குத் தோன்றும்.

கணக்குக் கேட்பதில் மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. தமக்குப் பிடிக்காத கூட்டத்தார் அடிபடும்போது, ‘இன்னும் நாலு போட்டிருக்க வேண்டும்’ என்று திண்ணையில் அமர்ந்து சொல்பவர்களை எவ்வூரிலும் காணலாம். தம் கூட்டத்தார் அடிபட்டால் மட்டுமே அவர்களுக்கு அநீதி கண்ணில் படுகிறது. இத்தகையோரின் கைதட்டல்தான் தகாத ஆணைகளுக்கு உரமாகிறது. பிறர் மீது ஓங்கப்படும் தடியை வாழ்த்துகிறவர், அது தம் பக்கம் திரும்பும்போது முறையிடும் தகுதியை இழக்கிறார். கட்வால் மலையின் இந்து வீரர் பெஷாவர் முஸ்லிம்களுக்காகச் சிறை சென்றார் என்பதைப் பெருமையோடு சொல்லும் நாம், நம்மைச் சேராத ஏழைத் தொழிலாளி அடிபடும்போதும் அதே குரலில் பேசக் கடமைப்பட்டிருக்கிறோம்.

போராட்டத்தை நடத்துவோருக்கும் இதில் பங்குண்டு. மக்களைத் தெருவுக்கு அழைப்பவர் அவர்களுடைய உயிருக்கும் பொறுப்பேற்கிறார். எல்லைப்புறத் தொண்டர்கள் உறுதிமொழி எடுத்த பின்னரே களத்தில் இறங்கினார்கள். கல்லெறியும் முதற்கையைத் தடுத்து நிறுத்துவது தலைவரின் வேலை. அதனைச் செய்ய இயலாதவர் கூட்டம் கூட்டலாகாது. ஆனால் ஒன்று: ஒருவன் எறிந்த கல்லுக்காக, எறியாத நூறு பேரைச் சுடும் உரிமை அதனால் எவருக்கும் பிறந்துவிடாது.

நம் இல்லங்களிலிருந்து பிள்ளைகள் காவல் துறைக்கும் செல்கிறார்கள், ஊர்வலங்களுக்கும் செல்கிறார்கள். ஒரே தெருவில் வளர்ந்த இருவர், ஒருநாள் ஒரு சாலையின் இரு முனைகளில் எதிரெதிரே நிற்க நேரலாம். ஊர்வலத்திற்குச் செல்பவனிடம், கையில் எதையும் எடுக்காதே என்று சொல்லி அனுப்புகிறோம். சீருடை அணிந்து செல்பவனிடமும் சொல்லியனுப்ப வேண்டிய சொல் ஒன்று உண்டு. ‘உன் கையில் இருப்பது உன்னுடையதன்று, உனக்கு எதிரே வருபவனும் அதைக் கொடுத்தவர்களில் ஒருவன். அவன் திரும்பி ஓடும்போது உன் வேலை முடிந்துவிட்டது’ என்பதே அது. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் இனிப்பு வழங்கும் நாளிலேயே, பெற்றோர் அவனிடம் இதனைச் சொல்லி வைப்பது நலம்.